அயர்லாந்து கிளப்புக்குச் செயலாளராகச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

அம்மாபேட்டைக்காரன்:
துபாயில் வேலை, இப்போது லீவில் சேலம் வந்திருக்கிறேன். மூன்று வருஷம் முன்னால் பக்கத்து பிளாட் அயர்லாந்து வாத்தியார் ஒருவர் அவர்கள் ஊர் ஆட்டமான கேலிக் ஃபுட்பால் ஆட இழுத்துக்கொண்டு போனார். முதல் நாளே தரையில் கிடந்த பந்தைக் கையால் அள்ளினேன், உடனே விசில். ஷூ நுனியைப் பந்துக்கு அடியில் விட்டு நெம்பித்தான் கைக்கு எடுக்கணுமாம். கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது, தரையில் தட்டணும், இல்லையென்றால் காலில் தட்டிக் கைக்கு வாங்கணும். அது பழகவே ஆறு மாசம் ஆச்சு. இப்போது ஜூனில் பள்ளிக்கூடம் முடிந்ததும் கமிட்டியில் இருக்கும் அயர்லாந்து வாத்தியார்கள் பாதிப் பேர் ஊருக்குப் போகிறார்கள், என்னைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள். அவர்கள் ஆட்டம், அவர்கள் கிளப், நான் போய் உட்கார்ந்தால் நன்றாயிருக்குமா?

ஏற்காட்டு மிளகு:
தம்பி, இங்கே மலையில் எட்டு வருஷம் கபடி டீம் நடத்தினவன் சொல்கிறேன். செயலாளர் என்றால் சந்தா வசூல், கிரவுண்டு வாடகை, மேட்சுக்கு வராதவனுக்குப் போன். மாலை மரியாதை எல்லாம் தலைவருக்கு.

டப்ளின் ரிட்டன்:
தாராளமாக ஒத்துக்கொள்ளுங்க. இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884ல் அயர்லாந்தில் தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி ஆரம்பித்தது, இன்றைக்கும் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 82,000 பேர் கொள்ளும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் ஃபைனல் ஆடியவரும் அந்த வாரமே வேலைக்குப் போகணும். ஊர்க்காரர்கள் சும்மா உழைப்பதில்தான் கிளப்பே ஓடுகிறது, அதனால் வேலை செய்கிறவன் எந்த ஊர் என்று பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். அயர்லாந்தில் ஒரு டீமுக்கு 15 பேர், வெளிநாட்டில் 9 பேரோ 7 பேரோ வைத்துக்கூட ஆடுகிறார்கள், ஆள் குறைந்தால் பயப்படாதீங்க. புது வாத்தியார்கள் ஆகஸ்டில்தான் வந்து இறங்குவார்கள், வந்த முதல் வாரமே பிடித்துவிடணும், அப்புறம் வேறு எங்காவது ஒட்டிக்கொள்வார்கள். ஊரில் ஏற்கெனவே ஒரு கிளப்பில் பதிவு இருந்தால் டிரான்ஸ்பர் பேப்பர் முடியாமல் மேட்சில் இறக்காதீங்க. பெண்கள் டீமை மட்டும் விட்டுவிடாதீங்க, ஆண்கள் சோம்பிப்போகிற வருஷத்தில் கிளப்பை அவர்கள்தான் தூக்கி நிறுத்துவார்கள். அப்புறம், போகிறவர்களிடம் பாஸ்வேர்டு, பேங்க் கையெழுத்து எல்லாம் ஏர்போர்ட் போகும் முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்க.

ஏற்காட்டு மிளகு:
கணக்கு நோட்டையும் கேள் தம்பி. பொருளாளர் யார்?

அம்மாபேட்டைக்காரன்:
இப்போதுதான் மெசேஜ் போட்டுக் கேட்டேன் அண்ணே. அவரும் ஜூனில் கிளம்புகிறாராம். சரி, செயலாளருக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன். போகும்போது இரண்டு கிலோ தட்டுவடை வாங்கிப் போகணும், மேட்ச் முடிந்ததும் போனமுறை அதற்குத்தான் அடிதடி.