புதுப்பிப்பு: டயாலிசிஸ் நோயாளி இருக்கும் சிரியக் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது

டொராண்டோவில் அரசு உதவியோடு குடியேறி ஹோட்டல் அறையில் இருக்கும் சிரியக் குடும்பம், அப்பாவுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் (சிறுநீரகம் வேலை செய்யாததால், குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுத்து, இருக்கும் இடத்திலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்வது), படியேறத் தேவையில்லாத வீடு வேண்டும் என்று கேட்டிருந்தேன் அல்லவா, தரைத்தளத்தில் ஒன்று கிடைத்துவிட்டது. ஆறு மாதத்துக்குத்தான். சரி, இப்போதைக்கு அது பெரிய விஷயம். ஹோட்டலில் டயாலிசிஸ் திரவப் பெட்டிகளைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அடுக்கி வைத்திருந்தார்கள், பிள்ளைகள் நடக்கவே இடமில்லை, குழாய் மாட்டும்போது கதவைச் சாத்தி, கை கழுவி, முகக்கவசம் போட்டுச் செய்யாவிட்டால் வயிற்றில் தொற்று வந்துவிடலாம். நோயாளி என்றதும் கைவிரித்த வீட்டுக்காரர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அரசின் வருமான உதவி பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குத்தான், அதற்குள் நிரந்தர வீடு பார்த்தாக வேண்டும். அப்புறம், கட்டில் தருவதாகச் சொன்னவர்கள் சனிக்கிழமை கொண்டுவரலாம்.