டால்டன் ‘எச்ஓ’ என்று எழுதினாரா?

ரசவாதி: “தண்ணீர் எச்2ஓ என்று 1808-லேயே சொன்னவர் டால்டன்” என்று ஒரு படம் சுற்றுகிறது. அணுக் கொள்கை தந்த வேதியியலாளர்தான் அவர், ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது. அவர் எழுதியது எச்ஓ. ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், அவ்வளவுதான். தப்பு.

பழையஏடு: எழுதவே இல்லை. வட்டம் போட்டார். புள்ளி வைத்த வட்டம் ஹைட்ரஜன், வெறும் வட்டம் ஆக்சிஜன். எழுத்துக் குறியீடு பின்னால் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் கொண்டுவந்தது, டால்டனுக்கு அது பிடிக்கவும் இல்லை.

ரசவாதி: வட்டமோ சதுரமோ, ஒன்றுக்கு ஒன்று என்றுதானே சொன்னார்? அதனால்தான் ஹைட்ரஜன் அணுவின் எடை 1 என்றால் ஆக்சிஜன் எடை 7 என்று வந்து நின்றது.

பழையஏடு: ‘எழுதியது’ என்று எழுதியது யார்? நீங்கள்.

மண்பானை: டால்டனை ஏன் திட்டுகிறீர்கள்? இரண்டு தனிமங்கள் சேர்ந்த சேர்மம் ஒன்றுதான் தெரியும் என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள் என்பது அவர் விதி. அந்த இரண்டும் சேர்ந்த இன்னொரு சேர்மமான ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டுபிடித்ததே 1818-இல்.

ரசவாதி: சரி, வாயுக்களை அளந்த கே-லுசாக் 1808 கடைசியிலேயே சொல்லிவிட்டாரே? கன அளவில் இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன், கிடைப்பது இரண்டு பங்கு நீராவி. ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்கும் பிரிய வேண்டுமென்றால் ஆக்சிஜன் அணுவைப் பாதியாக வெட்ட வேண்டிவரும் என்று டால்டன் நம்ப மறுத்தார். ஆக்சிஜன் துகளே இரண்டு அணு சேர்ந்த இரட்டை என்று 1811-இல் இத்தாலியர் அவகாட்ரோ முடிச்சை அவிழ்த்தார். அப்போதும் டால்டன் அசையவில்லை. இது பிடிவாதம் இல்லாமல் என்ன?

தாமரைக்குளம்: அணு வேறு, மூலக்கூறு வேறு என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமா?

பழையஏடு: பேசலாம், ஆனால் வட்டம்தான் போட்டார்.

மண்பானை: அவகாட்ரோவை அன்று யார் கேட்டார்கள்? அவர் 1856-இல் இறந்தார், 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் இன்னொரு இத்தாலியர் கனிசாரோ அவருக்காக வாதாடிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டால்டனை மட்டும் அடிப்பது ஓரவஞ்சனை.

ரசவாதி: போன மாதம், எரியும் பொருளிலிருந்து வெளியேறுவதாக அந்தக் காலத்தில் தவறாக நம்பப்பட்ட ஃப்ளோஜிஸ்டனுக்கு வக்காலத்து வாங்கியதும் நீங்கள்தானே?

மண்பானை: அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அன்று அதை மறுத்த லவாய்சியே பெயரைக்கூடத் தப்பாக எழுதியவர் நீங்கள்.

ரசவாதி: தட்டச்சுப் பிழை சார் அது!

பழையஏடு: தட்டச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. எச்ஓ என்று அவர் எழுதவில்லை.

ரசவாதி: உங்களோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

பழையஏடு: முட்டிக்கொள்ளுங்கள். சுவரிலும் வட்டமாகத்தான் வீங்கும்.