புதுப்பிப்பு: ஸ்பீடோமீட்டர் முள் மறுபடி ஓடுகிறது

ஓட்டத்திலேயே முள் பூஜ்யத்துக்கு விழுகிறது, செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் (வண்டியின் கணினியில் பதிவாகும் கோளாறுகளைப் படிக்கும் கருவி) பி0500, அதாவது வேக சென்சார் கோளாறு என்ற குறியீடு வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேனே, அது தீர்ந்தது.

வண்டி ஓடும்போது ஸ்கேனரும் வேகம் பூஜ்யம் என்றே காட்டியது; கணினிக்கே வேகம் போய்ச் சேரவில்லை என்பதால் மீட்டர் நிரபராதி. அதைக் கழற்றச் சொன்னவர்கள் மன்னிக்க. கியர்பாக்ஸ் மேலிருக்கும் வேக சென்சாரின் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தோம்: 12 வோல்ட் வந்தது, எர்த்தும் சரி. நியூட்ரலில், இக்னிஷன் ஆனில், ஜாக்கியில் தூக்கிய முன்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் சிக்னல் வயரில் வோல்டேஜ் ஏறி இறங்க வேண்டும். அசையவே இல்லை. சென்சாரிலிருந்து கனெக்டரைக் கழற்றியதும் அதே வயரில், மறுமுனையிலிருந்து வரவேண்டிய 5 வோல்ட் வந்தது. ஆக வயரிங்கும் தப்பித்தது.

சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் பல்சக்கரத்தில் ஒரு பல்கூட தேயவில்லை. செத்தது உள்ளேயிருக்கும் ஹால் சில்லுதான் (காந்தப்புல மாற்றத்தை உணர்ந்து சிக்னல் தரும் சிப்). ஒரே போல்ட், புது ஓ-ரிங்கில் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கொஞ்சம் கியர் ஆயில் தடவி மாட்டியாயிற்று. டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்துபோவதும் நின்றுவிட்டது.