39 வயதில் ஃபிளாக் ஃபுட்பால்: தனியாகப் பேர் கொடுப்பதா, நம்ம ஆட்களோடு அணியாகப் போவதா?

ஃப்ரிஸ்கோவாசி:
டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறேன், வயசு 39. பதினோரு வருஷமாக ஞாயிறு என்றால் டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். போன சீசனில் ஒரு மேட்ச் முழுக்க டீப் மிட்விக்கெட்டில் நின்றேன். ஐந்து மணி நேரத்தில் இரண்டு பந்து வந்தது. வீட்டுக்கு வரும்போது வெயில் மட்டும்தான் மிச்சம்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் ஃபிளாக் ஃபுட்பாலுக்கு வா என்கிறார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அமெரிக்க ஃபுட்பால்தான், ஆனால் ஆளைப் பிடித்து விழுத்தக் கூடாது. எல்லோருக்கும் இடுப்பு பெல்டில் கொடி மாதிரி துணிப்பட்டை தொங்கும். பந்து வைத்திருப்பவரின் கொடியை உருவினால் அந்த முயற்சி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

எனக்கு முன்னால் இருப்பது மூன்று வழி. செவ்வாய் இரவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கோ-எட் லீக், ஐந்துக்கு ஐந்து. தனி ஆளாக, அதாவது ஃப்ரீ ஏஜென்ட்டாக, 90 டாலர் கட்டினால் அவர்களே ஏதாவது ஒரு அணியில் போட்டுவிடுவார்கள். அடுத்தது அந்த நண்பரின் அணி: ஆண்கள் மட்டும், எட்டுக்கு எட்டு, ஞாயிறு காலை. மூன்றாவது, எங்கள் கிரிக்கெட் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பத்துப் பேரைத் திரட்டி நாங்களே ஒரு அணியாகப் பதிவு செய்வது. பதிவு அடுத்த வெள்ளியோடு முடிகிறது. வீட்டில் கேட்டது ஒரே கேள்வி: "நம்ம இன்சூரன்ஸ்ல டிடக்டபிள் எவ்வளவு?" அதாவது, அடிபட்டால் இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று.

சடுகுடு_சாமி:
யோசிக்கவே வேண்டாம் பாஸ், நம்ம ஆட்களோடு போங்க. ஃப்ரீ ஏஜென்ட் என்பது சத்திரத்துச் சாப்பாடு மாதிரி, எந்த இலையில் உட்கார வைப்பார்கள் என்று தெரியாது. நான் இரண்டு வருஷம் முன்பு ஹூஸ்டனில் அப்படித்தான் போனேன். ஏழு பேர் காலேஜ் நண்பர்கள், நானும் இன்னொருவரும் மட்டும் ஒட்டு. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், கண்ணுக்கு அவருடைய ரூம்மேட் மட்டும்தான் தெரிவான். ஆறு வாரத்தில் என் கைக்கு வந்த பந்து மூன்று. அதில் ஒன்று ரெஃப், அதாவது நடுவர், தூக்கிப் போட்டது.

இன்னொன்று, நம்ம ஊரில் சடுகுடு ஆடாதவர் யார்? தொடுவது, நழுவுவது, இடுப்பை வெட்டி ஓடுவது எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது. கொடியை உருவுவதில் நம்மை யாரும் அடிக்க முடியாது.

விசில்காரன்:
சாமி, நீங்கள் சொன்ன கடைசி வரிதான் எனக்கு வேலை வைக்கிறது. வார இறுதிகளில் இந்த ஆட்டத்துக்கு ரெஃப் ஆக நிற்கிறேன், மூன்று வருஷமாக. கபடி ஆடியவர்கள் முதல் மாதத்தில் வாங்கும் பெனால்டிக்கு அளவே இல்லை. எதிராளி கை இடுப்புப் பக்கம் வந்ததும் இவர்கள் கை தன்னால் போய்த் தட்டிவிடும். அது ஃபிளாக் கார்டிங். கொடியைக் கையால் மறைக்கவோ, வருகிற கையைத் தட்டவோ கூடாது. மறுபக்கம், உருவப் போகிறவர் ஆளின் மணிக்கட்டைப் பிடித்தால் அதுவும் பெனால்டி. சடுகுடுவில் உயிர் காத்த இரண்டு பழக்கமும் இங்கே யார்டு யார்டாகத் தின்றுவிடும். இடுப்பை வெட்டி ஓடுவது உதவும், ஒத்துக்கொள்கிறேன்.

நண்பர் ஃப்ரிஸ்கோவாசிக்கு: நம்ம ஆட்களோடு அணி என்பதைத்தான் நான் கடைசியாக வைப்பேன். ஐந்துக்கு ஐந்தில் பொதுவாக உங்கள் பக்கத்து 5 யார்டு கோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு டவுனுக்குள், அதாவது நாலு முயற்சிக்குள், நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் டச் டவுனுக்கு, அதாவது எதிரணியின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்க, இன்னொரு நாலு. நடுக்கோட்டுக்கும் எண்ட் ஸோனுக்கும் முந்தின 5 யார்டில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் கிடையாது, எறிந்தே ஆக வேண்டும். எதிரணியில் 7 யார்டு தள்ளி நிற்கும் ஒருவர் ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து கைமாறி முயற்சி தொடங்கியதும், குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார். அவரைத் தடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஆக மொத்த அணியும், மூன்று நாலு விநாடியில் பதறாமல் பார்த்து எறியத் தெரிந்த ஒருவரின் தோளில் தொங்குகிறது. அந்த ஒருவர் இல்லாமல் பத்து கிரிக்கெட்டர்கள் வந்தால், டிரைவர் இல்லாத பஸ்ஸில் பத்து கண்டக்டர். போன இலையுதிர் சீசனில் அப்படி ஒரு அணி வந்தது. நல்ல மனிதர்கள், பெயர் போட்ட ஜெர்சி வேறு. முதல் மூன்று மேட்சில் ஒரு டச் டவுன்கூட இல்லை. நாலாவது வாரம் ஐந்து பேர்தான் வந்தார்கள், ஐந்தாவது வாரம் மூன்று பேர். ஃபார்ஃபீட், ஆள் இல்லாமல் ஆடாமலே தோல்வி. கட்டிய பணம் கட்டியதுதான்.

சடுகுடு_சாமி:
எறிவது என்ன பெரிய வித்தை? பவுண்டரியிலிருந்து ஸ்டம்ப்பை அடிக்கிற ஆள் எங்கள் குழுவிலேயே இருக்கிறான்.

விசில்காரன்:
அந்த ஆளிடம் இந்த ஆட்டத்தின் முட்டை வடிவப் பந்தைக் கொடுத்துப் பாருங்கள். உருண்டைப் பந்தை எறிகிற பழக்கத்தில் மணிக்கட்டைக் கீழே மடக்குவார், இந்தப் பந்து தலைகீழாகக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போகும். பந்தின் தையல் கயிறான லேஸ் மேல் விரல் வைத்து, சுட்டுவிரல் கடைசியாக விலகும்படி விட்டால்தான் சுழன்று போகும். ஒரு மாதம் தினமும் எறிந்தால் வரும், வராது என்று சொல்லவில்லை. பதிவு வெள்ளிக்கிழமை முடிகிறது என்கிறாரே!

எட்டுக்கு எட்டுக்கு வருகிறேன். பல லீக்குகளில் அதில் முன்வரிசை ஆட்கள் பிளாக் செய்யலாம். சில இடத்தில் உடம்பை வைத்து வழி மறைத்தால் போதும், சில இடத்தில் கையை வைத்துத் தள்ளவே விடுவார்கள். "தொடாமல் ஆடும் ஆட்டம்" என்று நினைத்துப் போன 39 வயது புது ஆளை முன்வரிசையில்தான் நிறுத்துவார்கள், ஏனென்றால் அங்கே ஓடத் தெரிய வேண்டாம். எதிரில் நிற்பவர் ஹைஸ்கூலில் லைன்மேனாக, அதாவது முன்வரிசையில் மோதுகிறவராக, ஆடிய ஆளாக இருப்பார். இது டெக்சாஸ் சார்.

மதுரைமல்லி:
கோ-எட்டில் நாலு சீசன் ஆடிய அனுபவத்தில் சொல்கிறேன். "கோ-எட்தானே, லேசாக இருக்கும்" என்று நினைத்து வருகிறவர்கள் சீசனுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். 2022-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில், ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக நடக்கும் வேர்ல்டு கேம்ஸின் ஃபிளாக் ஃபுட்பால் இறுதிப் போட்டியில் மெக்சிகோப் பெண்கள் அமெரிக்காவை 39-6 என்று அடித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள். மெக்சிகோவின் குவார்ட்டர்பேக் டயானா ஃப்ளோரெஸ் இடுப்பை வளைத்துக் கொடியைக் காப்பாற்றுகிற அழகுக்கே இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பீர்கள்.

பணத்தையும் கிழமையையும் பார்ப்பதற்கு முன்னால் விதிப் பக்கத்தைப் படியுங்கள் அண்ணா. இத்தனை முயற்சிக்கு ஒரு தடவை பெண்ணிடம் பந்து போயே ஆக வேண்டும் என்று சில லீக்கில் விதி உண்டு. சிலவற்றில் பெண் போடும் டச் டவுனுக்குக் கூடுதல் புள்ளி. சிலவற்றில் எதுவுமே இல்லை, களத்தில் இத்தனை பெண்கள் நிற்க வேண்டும் என்பதோடு சரி. அந்தக் கடைசி வகையில் ஒரு சீசன் ஆடினேன். கோலம் போட்டு வைத்த மாதிரி ஓரத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

விசில்காரன்:
அந்தக் கட்டாய விதியில் எனக்கு உடன்பாடில்லை மேடம். அடுத்த பந்து யாருக்கு என்று எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இரண்டு பேரை உங்கள் மேலேயே நிறுத்துகிறார்கள். அது ஆட்டத்தையே கெடுக்கிறது.

மதுரைமல்லி:
இரண்டு பேரை என் மேல் நிறுத்தட்டுமே. அப்போது வேறு ஒருத்தி தனியாக நிற்பாள், அவளுக்கு எறியலாம். விதி இல்லாவிட்டால் எனக்கு ஒருவரைக்கூட நிறுத்த மாட்டார்கள், தேவையே இருக்காது. ரெஃப் இடத்திலிருந்து பார்த்தால் ஆட்டம் கெடுகிறது, என் இடத்தில் அப்போதுதான் ஆட்டமே ஆரம்பிக்கிறது. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

முட்டிவலி:
எல்லோரும் எந்த லீக் என்று பேசுகிறீர்கள், எதற்கு லீக் என்று யாரும் கேட்கவில்லை. நான் 41 வயதில் சேர்ந்தேன். இரண்டாவது வாரம் ஒருவரின் கொடியை உருவப் போனேன், விரல் அவர் ஷார்ட்ஸ் பாக்கெட்டில் மாட்டியது. அவர் ஓடினார், விரலும் கூடவே போனது. மோதிர விரல் நுனி அப்படியே தொங்கிவிட்டது, நிமிர்த்தினால் நிற்காது. எட்டு வாரம் இரவும் பகலும் ஸ்ப்ளின்ட். குளிக்கும்போது கழற்றினாலும் விரல் நுனியை மடங்க விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எட்டு வாரமும் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். கீபோர்டு பற்றிக் கேட்காதீர்கள்.

எமர்ஜென்சி பில் முழுக்க என் டிடக்டபிளில்தான் போனது. பதிவு செய்யும்போது படிக்காமல் டிக் போடுகிறோமே ஒரு வேவர், அதில் "உனக்கு எது நடந்தாலும் உன் பாடு" என்றுதான் எழுதியிருக்கிறது. கிரிக்கெட்டில் வெயில்தான் மிச்சம் என்கிறீர்கள். வெயிலுக்கு மோர் குடித்தால் போகும்.

சடுகுடு_சாமி:
அண்ணே, டென்னிஸ் பந்து கேட்ச்சில் விரல் போகாதா? பயமுறுத்தாதீங்க. 2023 அக்டோபர் 16, மும்பையில் ஒலிம்பிக் கமிட்டி கூட்டம். லாஸ் ஏஞ்சலஸ் 2028-க்குக் கிரிக்கெட்டையும் ஃபிளாக் ஃபுட்பாலையும் ஒரே கையெழுத்தில் உள்ளே விட்டார்கள். நம்ம ஆட்டமும் அவர்கள் ஆட்டமும் ஒரே நாளில் பந்தியில் உட்கார்ந்தது. அதற்காகவாவது ஆட வேண்டாமா?

முட்டிவலி:
ஒலிம்பிக்கில் சேர்ந்தது ஆட்டம்தான் தம்பி, என் விரல் சேரவில்லை.

விசில்காரன்:
முட்டிவலி அண்ணன் சொன்னதில் பாக்கெட் விஷயம் சத்தியமான உண்மை. பாக்கெட் இல்லாத ஷார்ட்ஸ் என்று லீக்குகள் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். அவர் ஆடிய இடத்தில் ரெஃப் பார்க்காமல் விட்டிருக்கிறார், அது ரெஃப் தப்பு. தொடைத் தசை பிடிப்பதுதான் இந்த வயதில் நான் அதிகம் பார்ப்பது. காரிலிருந்து இறங்கி நேரே களத்துக்கு வருகிறவர்கள் முதல் ஓட்டத்திலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மதுரைமல்லி:
ஃப்ரிஸ்கோவாசி அண்ணா, இங்கே நாங்கள் சண்டை போடுவதைப் படிப்பதை விட இந்தச் செவ்வாய் அந்த மைதானத்தில் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கோடை சீசன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃப்ரிஸ்கோவாசி:
போய்விட்டு வந்தேன், இப்போது மணி பதினொன்று. எட்டரைக்குப் போனபோதும் டர்ஃப், அந்தச் செயற்கைப் புல் தரை, அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

முதல் மேட்ச் பெயருக்குத்தான் ரெக்ரியேஷனல், அதாவது பொழுதுபோக்குப் பிரிவு. ஒரு அணியில் எல்லோர் மணிக்கட்டிலும் பட்டை, அதில் எண் போட்ட ஆட்டப் படங்கள். குவார்ட்டர்பேக் "பதினாலு!" என்று கத்துகிறார், ஐந்து பேரும் குனிந்து பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். மேல் டிவிஷனில் ஆட வேண்டியவர்கள் கோப்பைக்காகக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர் முணுமுணுத்தார். கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

இரண்டாவது மேட்ச் வேறு மாதிரி. இருபது புள்ளி பின்தங்கிய அணி. கேப்டன் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் தொடர்ந்து தப்பான பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா தன் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்: ஐந்து அடி நேரே, அப்புறம் உள்ளே திரும்பு. அடுத்த முயற்சியில் அந்தப் புது ஆளுக்கே எறிந்தார்கள், நழுவவிட்டார். அதற்கடுத்த தடவையும் அவருக்கே. இந்தத் தடவை பிடித்தார், மூன்று அடி எடுத்து வைப்பதற்குள் கொடி போய்விட்டது. அதற்கு அந்த அணி போட்ட சத்தம் இருக்கிறதே!

மேட்ச் முடிந்ததும் அந்தக் கேப்டன் அம்மாவிடம் போய்ப் பேசினேன். செப்டம்பரில் இரண்டு இடம் காலியாம். பதிவுப் படிவத்தில் அணியின் பெயரைக் குறிப்பிட்டால் ஃப்ரீ ஏஜென்ட்டை அங்கேயே போட்டுவிடுவார்களாம். இந்த லீக்கில் பிளாக்கிங் கிடையாது, மூன்றாவது முயற்சி பெண்ணுக்கு என்ற விதி உண்டு. 90 டாலர் கட்டிவிட்டேன். கிரிக்கெட் குழுவிலிருந்து ஒருவரையும் இழுத்துக்கொண்டு போகிறேன், நாங்கள் இரண்டு பேர். சாமி மன்னிக்க வேண்டும்.

சடுகுடு_சாமி:
இழுத்துக்கொண்டு போகிறவர் உங்கள் விக்கெட் கீப்பர் இல்லை என்று மட்டும் சொல்லுங்க.

ஃப்ரிஸ்கோவாசி:
கீப்பர்தான். செவ்வாய்தானே, ஞாயிறு வந்துவிடுவான்.

முட்டிவலி:
விரலோடு வந்தால் சரி.

ஃப்ரிஸ்கோவாசி:
விசில்காரன் சார், ஒரு சந்தேகம். என்னிடம் இருக்கிற ஷார்ட்ஸ் எல்லாம் பாக்கெட் வைத்தது. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், தைத்து மூடித் தருகிறேன் என்கிறார். செல்லுமா?

விசில்காரன்:
விரல் நுழையாத மாதிரி நெருக்கமாகத் தைத்தால் நான் விடுவேன், எல்லா ரெஃபும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது. என்ன நிற ஷார்ட்ஸ்? கொடியும் ஷார்ட்ஸும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது.

ஃப்ரிஸ்கோவாசி:
சிவப்பு. அந்த அணிக் கொடியும் சிவப்புதான்.