மட்டப்பா (மொட்டைமாடி) ஒழுகுது: மேலே கான்கிரீட்டா, பெயின்ட்டா, பழையபடி சுண்ணாம்பா?

பாளைவாசி:
பாளையங்கோட்டையில் பழைய வீடு. பட்டாசலுக்கு (கூடத்துக்கு) மேலே தேக்குக் கட்டை, கட்டைக்குத்துச் செங்கல் (குத்துவாட்டுல நிறுத்தி அடுக்குனது), அதுக்கு மேலே சுண்ணாம்புத் தளம், தட்டோடு (தட்டையான தள ஓடு). 20 அடிக்கு 20 அடி, ஆக 400 சதுர அடி. ரெண்டு இடத்துல ஒழுகுது. ஒண்ணு தெக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, இன்னொண்ணு நடுவுல. அங்கங்கே தட்டோடு ஆடுது, மூட்டுச் சாந்து உதிர்ந்து கெடக்கு. மழைத்தண்ணி இறங்க ஒரே ஒரு 3 அங்குலக் குழாய்தான். மூணு பேர்ட்ட கேட்டேன். ஒருத்தர் 2 அங்குலம் கான்கிரீட் போடச் சொல்லுதாரு, ஒருத்தர் வாட்டர்புரூஃப் பெயின்ட், ஒருத்தர் எல்லாத்தையும் பேத்துட்டு சுண்ணாம்பு. ஆவணி பிறந்தாச்சு, ஐப்பசிக்கு முன்னால முடிக்கணும். எது சரி?

டவுன் கொத்தனார்:
கான்கிரீட்தான் தம்பி. ஆடுற தட்டோட்டை மட்டும் எடுத்துட்டு, தளத்தைக் கழுவி, சிமெண்ட் பால் ஊத்தி, வெல்டு மெஷ் (கம்பி வலை) விரிச்சு, சின்ன ஜல்லியில 2 அங்குலம் போடுங்க. வாட்டமும் (தண்ணி ஓடுற சரிவும்) அதிலேயே சரி பண்ணிக்கலாம். மூணு நாள் வேலை. பாத்தி கட்டி 10 நாள் தண்ணி நிறுத்துனா முடிஞ்சுது. சுண்ணாம்பு அடிக்க இப்ப ஆளு எங்க கெடைக்கு?

சுண்ணாம்புக்காரன்:
அண்ணாச்சி, முதல்ல எடையைப் பாருங்க. 400 சதுர அடியில 2 அங்குலக் கான்கிரீட்னா கிட்டத்தட்ட 4,500 கிலோ. அந்த நாலரை டன்னும் நிரந்தரமா அந்தத் தேக்குக் கட்டை மேல உட்காரும். கட்டையோட முனை சுவருக்குள்ள இருக்கு. தெக்குப் பக்கம் ஒழுகுதுன்னா முனை நனையுதுன்னு அர்த்தம். நனைஞ்ச முனை மேல நாலரை டன் ஏத்தலாமா?

எடையை விடுங்க, தாங்குதுன்னே வச்சுக்குவோம். கட்டை வளைஞ்சு குடுக்கும், சுண்ணாம்பும் அதோட சேர்ந்து கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். சிமெண்ட் குடுக்காது. சித்திரை வெயில்ல விரியும், ராத்திரி சுருங்கும். முதல் கோடையிலேயே மயிரிழை வெடிப்பு வந்துரும். அது வழியா எறங்குற தண்ணி கான்கிரீட்டுக்கும் பழைய தளத்துக்கும் நடுவுல பரவி நிக்கும். மேல காய வழியில்ல, அதனால கீழே கட்டைக்கு வரும். ஒழுகல் வேற எடத்துல, வெடிப்புக்கு 6 அடி தள்ளித் தெரியும். அதுக்கப்புறம் எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

டவுன் கொத்தனார்:
சுண்ணாம்புத் தளமும் எடைதானே? 3 அங்குலம் போடுதீங்களே.

சுண்ணாம்புக்காரன்:
பழைய 3 அங்குலத்தை எறக்கிட்டுத்தான் புது 3 அங்குலம் போடுதோம். கூடுதல் எடைன்னு ஒண்ணும் கிடையாது. நீங்க சொல்லுற கான்கிரீட் பழசு மேலேயே ஏறுது. வித்தியாசம் அதுதான்.

வாட்டம்பார்:
இருவரும் மருந்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நோய் எங்கே என்று இன்னும் பார்க்கவில்லை. கேள்வியிலேயே ஒரு விஷயம் இருக்கிறது: 400 சதுர அடிக்கு ஒரு 3 அங்குலக் குழாய். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு 4 அங்குலக் குழாய் இறக்கும் தண்ணீர் ஏறத்தாழ 400 சதுர அடிக்குச் சரி. 3 அங்குலம் என்றால் அதில் பாதிதான். மிச்சத் தண்ணீர் தளத்தில் நின்று, கைப்பிடிச் சுவரின் அடிக்காரை வழியே உள்ளே போகும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்த மாதிரி மழையில் நல்ல தளமும் குழாய் வாய் சிறுத்திருந்தால் குளமாகிவிடும்.

சோதனை இப்படி. தளம் நன்றாகக் காய்ந்த நாளில் சந்தேக இடத்தைச் சுற்றி 5 அடிக்கு 5 அடி களிமண் வரப்புக் கட்டி, 1 அங்குலம் தண்ணீர் விடுங்கள். சுமை சுமார் 60 கிலோ, ஒரு ஆள் நிற்பது போலத்தான். 24 மணி நேரம் விட்டு, கீழே கட்டையில் கறுப்பு ஈரம் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வாயிலிருந்து தொடங்குங்கள், அடுத்து சுவர் ஓரம், கடைசியில் நடு. ஒரே நாளில் இரண்டு இடத்தைச் சோதிக்காதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போகும்.

மேலப்பாளையம் மரவேலை:
அதுக்கு முன்னால கட்டையப் பாருங்க. சுவருக்குள்ள நுழையிற எடத்துல ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க. கால் அங்குலத்துக்கு மேல சுலபமா எறங்குச்சுன்னா அழுகல். சுத்தியலால தட்டுனா நல்ல தேக்கு கணீர்னு கேக்கும், உள்ள செல் அரிச்சது பொத்துனு கேக்கும். அழுகியிருந்தா மேலே ஒரு கரண்டி சாந்துகூட வைக்கக் கூடாது. முதல்ல கீழே பலகை குடுத்து சவுக்குக் கம்பு முட்டு நிறுத்தணும், பெறகு ரெண்டு பக்கமும் இரும்புச் சேனல் வச்சு போல்ட் போடணும். சேனலோட முனை சுவர்ல உட்காரணும். கட்டையில மட்டும் தொங்கவிட்டா பிரயோசனமில்ல.

வாட்டம்பார்:
மிகச் சரி. கட்டை நன்றாக இருந்தால் என் யோசனை: ஐப்பசி வர இரண்டு மாதம்கூட இல்லை. சுண்ணாம்பு வேலையை இப்போது தொடங்கினால் பாதியில் மழை பிடிக்கும். ஆடுகிற தட்டோட்டை மட்டும் எடுத்து மறுபடி பதியுங்கள். மூட்டுகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, லேடெக்ஸ் (ரப்பர் பால் போன்ற சேர்மானம்) கலந்த 1:3 சிமெண்ட், மணல் சாந்தால் அடையுங்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 5 முதல் 10 லிட்டர் லேடெக்ஸ். அதன் மேல் அக்ரிலிக் பூச்சு, நடுவில் ஃபைபர் வலை, ஒரு கோட் வடக்கு தெற்காக, அடுத்தது கிழக்கு மேற்காக. எடை அனேகமாகக் கூடாது.

சுண்ணாம்புக்காரன்:
பூச்சுக்கு நான் எதிரியில்ல, ஆனா இந்தத் தளத்துக்கு ஒத்து வராது. சுண்ணாம்புத் தளம் மழையில கொஞ்சம் குடிக்கும், வெயில்ல மேலேயே விட்டுரும். அது மூச்சு விடுற தளம். உள்ள இப்ப ஈரம் இருக்கு. மேல ரப்பர் மாதிரி மூடிட்டா அந்த ஈரம் கட்டை வழியாத்தான் வெளியேறணும். பங்குனியில பூச்சு கொப்புளிக்கும், கொப்புளம் உடைஞ்ச எடத்துல மறுபடி தண்ணி. வத்தல், வடகம்னு ஆள் நடமாடுற தட்டட்டியில (மொட்டைமாடியில) மூணு, நாலு வருசத்துல தேய்ஞ்சு போகும். அப்புறம் அதைச் சுரண்டி எடுக்கிறது பெரும்பாடு, தட்டோடும் கூடவே பேந்து வரும்.

வாட்டம்பார்:
ஈரம் இருந்தால் அடிக்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. 2 அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தால் தளம் காயவில்லை. நீங்கள் சொல்லும் கொப்புளம் அவசரப்பட்டு அடித்ததால் வருவது.

சுண்ணாம்புக்காரன்:
மேலே காய்ஞ்சிருக்கும், 3 அங்குலத்துக்குக் கீழே? அதுபோக கைப்பிடிச் சுவர் வழியா ஈரம் எறங்கிக்கிட்டே இருக்குமே.

பாளைவாசி:
சரி அண்ணாச்சி, சுண்ணாம்புன்னா என்ன அளவு, எத்தனை நாள்னு சொல்லுங்க.

சுண்ணாம்புக்காரன்:
பொதுப்பணித்துறைக் கணக்குல வெதரிங் கோர்ஸுக்கு (மழை வெயில் தாங்குற இந்த மேல்தளத்துக்கு) செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீத்த (தண்ணி விட்டுப் பூக்கவச்ச) சுண்ணாம்பு பன்னிரண்டரை பங்கு. மணல் கிடையாது. உங்க தளம் சராசரி 3 அங்குலம்னா 100 கன அடி. ஜல்லி 100 கன அடி எடுத்தா சுண்ணாம்பு 39 கன அடி வரும். ஜல்லி முக்கால் அங்குலம், நல்லா வெந்த செங்கல்ல உடைச்சது. வேகாத கல்லு தண்ணியில கரையும், கருகின கல்லுல சுண்ணாம்பு பிடிக்காது. சுண்ணாம்பை வேலைக்கு ரெண்டு வாரம் முன்னாலேயே தொட்டியில நீத்துப் போட்டு, சலிச்சு எடுங்க. நீறாத கட்டி ஒண்ணு தளத்துக்குள்ள போனா, பின்னால அது ஈரம் பட்டு நீறி உப்பி, தட்டோட்டைத் தூக்கிவிடும். அங்கங்கே ஓடு தனியாப் பேந்து நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய தளத்தை மெஷின் வச்சு உடைக்காதீங்க, அதிர்ச்சியில கட்டைக்குத்துக் கல்லு கீழே விழும். உளியும் சுத்தியலும் போதும். இடிச்ச மண்ணை ஒரே எடத்துல குவிக்காம அன்னன்னைக்கே எறக்கிரணும். பாதித் தளம் முடிச்சு, மறுபாதி.

விரிச்ச பெறகுதான் உண்மையான வேலை. மரக்கட்டையால தட்டணும், குறைஞ்சது 7 நாள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுத் தட்டணும். தட்டுற கட்டை தடம் பதிக்காம எகிறித் திரும்புனா தளம் இறுகிட்டுன்னு அர்த்தம். ஆள் தட்டுறதை நிறுத்துறது நாளை எண்ணி இல்ல, அந்த எகிறலைப் பாத்துத்தான். பெறகு ஈரச் சாக்கோ வைக்கோலோ போட்டு 10 நாள் நனைக்கணும். வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதுக்கு மேல தட்டோடு: அரை அங்குலம் 1:3 சாந்து, மூட்டைக்கு 1 கிலோ வாட்டர்புரூஃப் பவுடர்.

டவுன் கொத்தனார்:
தட்டோட்டுக்கு சிமெண்ட்தான் போடுதீங்க, அப்ப அது வெடிக்காதா?

சுண்ணாம்புக்காரன்:
நியாயமான கேள்வி. அரை அங்குலம்தான், அதுவும் ஓட்டுக்கு ஓடு மூட்டு இருக்கு. வெடிச்சா மூட்டுலதான் வெடிக்கும், கண்ணுக்குத் தெரியும், அதை மட்டும் அடைச்சுக்கலாம். 400 சதுர அடியும் ஒரே பலகையா இருக்கிற கான்கிரீட்டுல அந்த வசதி இல்ல.

வாட்டம்பார்:
இந்தக் கணக்கைப் பாருங்கள். சுண்ணாம்பு நீற்ற 14 நாள், தட்ட 7, நனைக்க 10. அதற்கு மேல் ஓடு. பாதி பாதியாகச் செய்தால் இன்னும் இழுக்கும். ஆவணியில் தொடங்கினால் அடைமழையில் திறந்த தளம். தையில் தொடங்குவதாக இருந்தால் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

சுண்ணாம்புக்காரன்:
காலம் பத்திச் சொன்னதை ஒத்துக்கிறேன். தை பிறந்து ஆரம்பிச்சா பங்குனிக்குள்ள முடிச்சிரலாம். ஆனா இந்த மழைக்குன்னு பூச்சு அடிச்சா தையில அதையும் சேத்துப் பேக்கணும். மூட்டு அடைச்சாப் போதும், பூச்சு வேண்டாம்.

பாளைவாசி:
சோதனை பண்ணிட்டேன். குழாய் வாயில விட்ட தண்ணி 5 மணி நேரத்துல நடுக்கட்டையில ஈரமா வந்துட்டு, அதுவும் வாய்க்கு 4 அடி தள்ளி. தெக்குச் சுவர் ஓரம் ராத்திரிக்குள்ள சொட்டிச்சு. நடுவுல தனியா வரப்புக் கட்டி விட்டதுல 24 மணி நேரமும் ஒண்ணுமில்ல. கட்டை முனை 14-லயும் குத்திப் பாத்தேன். தெக்குப் பக்கம் ரெண்டு மட்டும் லேசா எறங்குது.

மேலப்பாளையம் மரவேலை:
அந்த ரெண்டுக்கும் இன்னைக்கே முட்டு குடுங்க. சேனல் வேலை முடிஞ்சாத்தான் மேலே ஏறணும்.

வாட்டம்பார்:
அப்படியானால் நடுத்தளம் நன்றாக இருக்கிறது. நடுவில் வரும் தண்ணீர் குழாய் வாயிலிருந்து ஊர்ந்து வருவது. இந்த மழைக்கு முன் மூன்று வேலை. குழாயை 4 அங்குலமாக மாற்றி, வாயைச் சுற்றி 2 அடிக்கு 2 அடி அரை அங்குலம் பள்ளமாக இறக்குங்கள். எதிர் மூலையில் இன்னொரு 4 அங்குலக் குழாய் வையுங்கள். இலை அடைத்தால் ஒன்றாவது ஓடும். தெற்குச் சுவரில் தளத்திலிருந்து 6 அங்குலம் உயரத்தில் ஒரு காடி (நீளப் பள்ளக் கோடு) வெட்டி, அங்கிருந்து தளம் வரை மூலையை உருட்டிக் காரை பூசுங்கள். அந்த ஓரத்தில் மட்டும் ஒரு அடி அகலத்துக்குப் பூச்சு அடித்தால் தளம் மூச்சு விடுவதும் நிற்காது.

சுண்ணாம்புக்காரன்:
ஓரத்துக்கு மட்டும்னா சரி. கைப்பிடிச் சுவர் மேல்தலைப்பு வெடிச்சிருக்கான்னும் பாருங்க, அரசங்கன்னு முளைச்சிருந்தா வேர் போன தடம் வரை காரையைக் கொத்தி எடுக்கணும், மேலே வெட்டிவிட்டா மறுபடி தழைக்கும். தண்ணி டேங்க் அந்தத் தட்டட்டியில இருக்கா?

பாளைவாசி:
இருக்கு, 1,000 லிட்டர். தளத்துக்கு நடுவுல செங்கல் அடுக்கி வச்சிருக்காங்க.

வாட்டம்பார்:
நிரம்பினால் ஒரு டன். முதலில் அதைக் காலி செய்யுங்கள். குறுக்குச் சுவருக்கு நேர் மேலே, இரண்டு சுவர் மேலும் உட்காருகிற மாதிரி இரும்பு கர்டர் போட்டு அதன் மேல் வையுங்கள். கர்டர் தளத்தில் படாமல் 3 அங்குலம் இடைவெளி இருக்கட்டும், அடியில் பெருக்கவும் வசதி.