கம்பி அறுந்தால் எப்படித் தெரியும்? அளவுக் கருவிகளோடு நம் அனுபவங்கள்

லூப்காரர்

டேங்கில் சொட்டு அமிலம் இல்லை என்றால், மட்டத்தை அளந்து கன்ட்ரோல் ரூமுக்குக் கரண்டாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் 4 மில்லிஆம்பியர் அனுப்பும். முழுக்க நிரம்பியிருந்தால் 20. பாதி என்றால் 12. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "ஏன் சார் 0-இல் தொடங்கவில்லை? கணக்கு சுலபமாக இருக்குமே?" என்பதுதான். கம்பி அறுந்தாலும் 0 தானே வரும், தம்பி? டேங்க் காலியா, கேபிள் போய்விட்டதா என்று எதை வைத்துச் சொல்வாய்?

நான் வேலை பார்த்த உர ஆலையில் கேபிள் டிரெஞ்ச் முழுக்கப் பெருச்சாளி. ஒரு மழைக்காலத்து நைட் ஷிஃப்டில் அமிலத் தொட்டியின் லெவல் திடீரென்று மைனஸ் 25 சதவீதத்தில் போய் நின்றது. எந்தத் தொட்டியிலும் மைனஸ் 25 இருக்க முடியாது. 4-இலிருந்து 20 வரை மொத்தம் 16. கரண்ட் அடியோடு நின்றால் 4 குறையும். 16-இல் 4 கால் பங்கு. அதனால் வருகிற எண் அது. பேனலில் இருந்தவர் அதிகம் படித்தவர் இல்லை. பம்ப் பக்கமே போகாமல் எனக்குப் போன் போட்டார்: "அண்ணே, கேபிள் போச்சு, வாங்க."

இந்த யோசனை மின்சாரக் காலத்துக்கு முந்தியது. காற்றில் ஓடிய கருவிகளில் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு முதல் 15 பவுண்டு வரை சிக்னல் போகும். அங்கேயும் 0 கிடையாது. குழாய் கழன்றால் முள் 3-க்குக் கீழே விழுந்துவிடும். மின்சாரத்துக்கு வந்தபோது அதே விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: 3-க்கு 15 ஐந்து மடங்கு, 4-க்கு 20 ஐந்து மடங்கு. அந்த அடிமட்ட 4 மில்லிஆம்பியரிலேயே டிரான்ஸ்மிட்டர் தன் வயிற்றையும் கழுவிக்கொள்கிறது. தனியாக பவர் கேபிள் இழுக்க வேண்டியதில்லை, இரண்டே கம்பி போதும்.

சரி, நீங்கள் கைவைத்துப் பழகிய கருவியில், கண்டுபிடித்தவரின் மூளை எங்கே தெரிந்தது என்று எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.

பல்லடம் தறிக்காரர்

மில்லிஆம்பியர் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் இதே சங்கதி தறியில் எப்போதிலிருந்தோ இருக்கிறது சார். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய டிராப் பின் தொங்கும். நூல் இழுவையில் இருக்கும்வரை பின் மேலே நிற்கும். நூல் அறுந்தால் பின் கீழே விழும், தறி நிற்கும். பின்னைத் தூக்கி வைத்திருப்பதே அந்த நூல்தான் என்பதால், தனியாகக் கண்காணிக்க எதுவும் தேவையில்லை.

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த ஜி வகை தானியங்கித் தறி, பாவு அறுந்தால் தானே நிற்கும். ஓடும்போதே நாடாவும் (ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) மாற்றிக்கொள்ளும். ஒரே ஆள் பல தறி பார்க்க முடிந்தது அதனால்தான். அதன் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு 1 லட்சம் பவுண்டுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பம் கார் பக்கம் போனதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம் என்பார்கள்.

எங்கள் பக்கம் பஞ்சு அடைத்துக்கொண்டு பின் விழாமல் நிற்கும். தறி நிற்காது, துணியில் பத்து கெஜத்துக்குக் கோடு விழும். காற்றடித்துச் சுத்தம் செய்ய மாட்டேன் என்கிறவனுக்கு டொயோடாவே வந்தாலும் உதவ முடியாது.

நூற்பாலை லேப்

தறிக்காரர் பேசியதால் நூல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் மில் லேபில் வேலை பார்த்த யாருக்கும் ஊஸ்டர் என்றால் ஒரு மெஷின்தான் ஞாபகம் வரும். அது சுவிட்சர்லாந்தில் ஒரு ஊர். அங்கேதான் 1940-களில் நூலின் சீர்மையை மின்சாரத்தில் அளக்கும் கருவி பிறந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவே நூலை ஓட்டுவார்கள். தகடுகளுக்கு இடையே எவ்வளவு பஞ்சு இருக்கிறதோ அதற்கேற்ப கெபாசிட்டன்ஸ் (தகடுகள் மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மாறும். அந்த மாற்றத்தை வரைந்தால் நூல் எங்கே தடிமன், எங்கே மெலிவு என்று தெரியும். அதற்கு முன்னால் நூலைக் கறுப்புப் பலகையில் சுற்றி, வெளிச்சத்தில் வைத்துக் கண்ணால் தரம் சொன்னார்கள். பெரியவர்கள் சிலர் அதில் அசகாய சூரர்கள், ஆனால் இரண்டு பேர் ஒரே பலகைக்கு ஒரே தரம் சொல்லி நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்தக் கருவியில் பிடித்தது ஸ்பெக்ட்ரோகிராம். நூலில் ஒரு குறை எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டும் படம் அது. ஒருமுறை நூல் நூற்கும் ஒரு ரிங் ஃப்ரேமில் நூல் கெட்டுப்போய், பஞ்சு மேல் பழி, மிக்ஸிங் மேல் பழி, கடைசியில் வேலைக்கு வந்த பெண்கள் மேல் பழி என்று போய்க்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்தேன். எட்டரை சென்டிமீட்டரில் ஒரே ஒரு சிகரம், ஊசி மாதிரி. பஞ்சை இழுத்துவிடும் முன் ரோலரின் விட்டம் 27 மில்லிமீட்டர். பை மதிப்பான 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு சுமார் 85 மில்லிமீட்டர், அதாவது எட்டரை சென்டிமீட்டர். ரோலர் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு தடவை நூலை நெளிக்கிறது. மெஷினைத் திறக்காமலே ஆளைப் பிடித்தாகிவிட்டது.

அத்தோடு முடியவில்லை. முன் ரோலர் என்றால் கீழே இருக்கும் எஃகு ரோலரா, மேலே அழுத்தும் ரப்பர் காட்ஸா? காட்ஸ் விட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான், சிகரம் பக்கத்துக் கட்டத்தில் விழும், படத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் பக்கத்து ஸ்பிண்டில்களின் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள்) நூலையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கீழ் ரோலர் வரிசைக்கே பொது, கோளாறு அதில் என்றால் எல்லா ஸ்பிண்டிலிலும் சிகரம் வரும். காட்ஸ் மாட்டிய மேல் ரோலர் இரண்டு ஸ்பிண்டிலுக்கு ஒன்று. அதில் என்றால் அந்த ஜோடியில் மட்டும் வரும். எங்களுக்கு வரிசை முழுக்க வந்தது. ரோலர் வளைந்திருந்தது.

பின்னால் இருக்கும் ரோலர் கெட்டிருந்தால் இன்னும் சுவாரசியம். அங்கே விழுந்த நெளிவு முன்னால் வரும்போது டிராஃப்ட் (ரோலர்கள் பஞ்சை இழுத்து நீட்டும் மடங்கு) எத்தனையோ அத்தனை மடங்கு நீண்டுவிடும். ஆகவே சிகரம் மீட்டர் கணக்கில் எங்கோ தூரத்தில் நிற்கும். டிராஃப்டால் வகுத்தால் திரும்பவும் ஒரு ரோலரின் சுற்றளவு கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கெபாசிட்டன்ஸ் கருவிக்குத் தண்ணீரும் பஞ்சும் ஒன்றுதான். இன்னும் சொன்னால் தண்ணீர்தான் பெரிதாகத் தெரியும். ஈர நூல் தடி நூலாகத் தெரியும். லேபில் 65 சதவீத ஈரப்பதம், 27 டிகிரி என்று பிடிவாதமாக வைப்பது அதற்காகத்தான். ஏசி செலவு என்று அதை நிறுத்தச் சொல்கிற மேனேஜரிடம், அப்படியே இந்தக் கருவியையும் விற்றுவிடுங்கள் என்று சொல்லலாம்.

பாய்லர் ஹவுஸ்

எனக்கு போர்டான் கேஜ், அழுத்தம் காட்டும் முள் கருவி. பிரான்ஸில் எஜேன் போர்டான் 1849-இல் காப்புரிமை வாங்கியது. தட்டையான குழாயை வளைத்து ஒரு முனையை அடைத்துவிட்டால், உள்ளே பிரஷர் ஏற ஏறக் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவுதான் முள்ளில் தெரிகிறது. கரண்ட் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம். பவர் போய் கன்ட்ரோல் ரூம் இருட்டானபோதும் பாய்லர் டிரம் மேல் இருக்கிற கேஜ் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கேஜுக்குக் கீழே பன்றி வால் மாதிரி ஒரு சுருள் குழாய் பார்த்திருப்பீர்கள். அது சைஃபன். அதில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கி நிற்கும். நீராவியின் அழுத்தம் கேஜுக்குப் போகும், சூடு போகாது. சைஃபனை எடுத்துவிட்டு நேராக மாட்டுகிற புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு.

ரிலே பேனல்

நான் எலக்ட்ரீசியன். ரிலே (கரண்டால் இழுபட்டு இயங்கும் ஸ்விட்ச்) காலத்து ஆள். ரிலேவின் டக் டக் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் சீக்வென்ஸ் நின்றது என்று சொல்லிவிடுவோம். ரிலேக்களின் வேலையைச் செய்யும் கம்ப்யூட்டரான பிஎல்சி வந்தபோது சோறு போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

திறந்து பார்த்தால் ஸ்கிரீனில் இருந்தது நாங்கள் ஏணி மாதிரி வரைகிற அதே லேடர் சர்க்யூட் படம்! அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமேட்டிக் பிரிவு 1968-இல் கேட்டது இதைத்தான்: மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனலைப் பிரித்து வயர் மாற்ற முடியாது, அதற்கு மாற்று வேண்டும். டிக் மோர்லியும் அவர் கூட்டாளிகளும் மோடிகான் 084 செய்து கொடுத்தார்கள். அது அவர்களுடைய 84-ஆவது ப்ராஜெக்ட், அதனால் அந்தப் பெயர். கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள் என்று எலக்ட்ரீசியனிடம் சொல்லாமல், கம்ப்யூட்டருக்கு எங்கள் படத்தைக் கற்றுக்கொடுத்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு.

லூப்காரர் சொன்ன விஷயம் எங்களிடமும் உண்டு. ஸ்டாப் பட்டன் எப்போதும் என்சி (நார்மலி க்ளோஸ்டு). அமுக்காதபோது கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அமுக்கினால் துண்டிக்கும். வயர் அறுந்தாலும் துண்டிக்கும், மெஷின் நிற்கும். புதுப் பையன்கள் புரோகிராமில் எழுதுவது எளிது என்று இதை என்ஓ-வாக (நார்மலி ஓப்பன், அமுக்கினால்தான் கரண்ட் ஓடும்) மாற்றி வைப்பார்கள். வயர் கழன்ற அன்றைக்கு அந்த பட்டனை எத்தனை தடவை குத்தினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. வால்வுக்கு மூடு என்று கட்டளை போனதும் பச்சை விளக்கு எரிய வைப்பார்கள். வால்வு மூடியதா என்று யார் பார்த்தது? அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் 1979 மார்ச் 28 அன்று இதேதான். ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. பேனல் விளக்கு காட்டியது கட்டளையை மட்டும். மூடிவிட்டது என்று நம்பி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரை வெளியே விட்டார்கள், உலையின் மையம் பாதி உருகிப்போனது. வால்வு தண்டில், அது உண்மையில் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஒரு லிமிட் ஸ்விட்ச் போடச் சொன்னால் பர்ச்சேஸில் கை நடுங்குகிறது. பிறகு என்ன சொல்ல?

ஹோசூர் ஷாப் ஃப்ளோர்

ஏர் கேஜ் பற்றி யாரும் எழுதவில்லையே. சிலிண்டர் துளைக்குள் பிளக்கை விட்டு, அதன் சிறு ஓட்டைகளில் காற்றை ஊதி, காற்று வெளியேற எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை வைத்து மைக்ரான் கணக்கில் விட்டம் சொல்லும். தொடாமல் அளப்பதால் பிளக் தேயாது, இருக்கிற எண்ணெயையும் தூசியையும் காற்றே ஊதித் தள்ளிவிடும். ஷிஃப்டுக்கு ஒருமுறை அளவு தெரிந்த மாஸ்டர் ரிங் வைத்து செட் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வளைகுடா ரிஃபைனரி

எல்லோரும் கம்பி அறுந்தால் தெரியும் என்கிறீர்கள். அறுந்த கருவியைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. நல்ல உடம்போடு, 4-க்கும் 20-க்கும் நடுவே நின்றுகொண்டு பொய் சொல்கிற கருவிதான் ஆபத்து.

டெக்ஸஸ் சிட்டி ரிஃபைனரி, 2005 மார்ச் 23. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயம். எங்கள் பயிற்சியில் இதை வரி வரியாகப் படிக்க வைப்பார்கள். 170 அடி உயரக் கோபுரம். அடியில் சில அடிகளை மட்டும் அளக்கிற டிஸ்பிளேசர் லெவல் டிரான்ஸ்மிட்டர். திரவத்தில் முங்கிய உருளை எவ்வளவு எடை இழக்கிறது என்பதை வைத்து மட்டம் சொல்லும் கருவி அது. ஸ்டார்ட்அப்பில் உள்ளே போனது போய்க்கொண்டே இருந்தது, வெளியே எதுவும் எடுக்கவில்லை. உருளை முழுக்க முங்கிய பிறகு மட்டம் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது. திரவம் சூடாகச் சூடாக அடர்த்தி குறைந்தது. உருளையைத் தூக்கும் விசையும் குறைந்தது. கருவி அதை மட்டம் இறங்குவதாகக் காட்டியது! உள்ளே 150 அடியைத் தாண்டியபோது பேனலில் பத்து அடிக்கும் குறைவு. தனியாக வைத்திருந்த ஹை லெவல் அலாரம் அடிக்கவில்லை. கண்ணாடி கேஜ் அழுக்கேறிப் படிக்க முடியாமல் இருந்தது.

அந்த டிரான்ஸ்மிட்டர் தன் வேலையைத்தான் செய்தது. இது என் அடர்த்தி இல்லை என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

உலைக்களம்

வளைகுடா அண்ணன் சொன்ன ஜாதியில் என்னிடம் ஒன்று. ஹீட் ட்ரீட்மென்ட் உலை, வெப்பநிலை அளக்க கே வகை தெர்மோகப்பிள். இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் சூடாக்கினால் மின்விசை பிறக்கும் என்று சீபெக் 1821-இல் கண்ட அதே விஷயம்தான். கே வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்.

வேறொருவர் பராமரித்த உலையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பேனலில் வெப்பநிலை சரி, பாகங்கள் மட்டும் அளவுக்கு மீறிச் சூடு பட்டு வருகின்றன. தெர்மோகப்பிளைப் பேனலோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிளில் அமெரிக்க முறையில் சிவப்பு மைனஸ். பழைய ஜெர்மன் முறையில் சிவப்பு பிளஸ். யாரோ உலைத் தலையில் (தெர்மோகப்பிளும் கேபிளும் சேரும் பெட்டி) மாற்றிக் கொடுத்து, முள் பின்னால் போனதும் பேனலிலும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது எண் முன்னால் நகர்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் உலைத் தலை 60 டிகிரி, பேனல் 30 டிகிரி என்றால், வித்தியாசம் 30. அது இரண்டு மடங்காகி 60 டிகிரி குறைத்துக் காட்டும். கன்ட்ரோலர் உடனே 60 டிகிரி கூட்டி எரிக்கும். தலை குளிர்ந்திருக்கும் காலையில் பிழை குறைவு, மத்தியானம் அதிகம். அதனால்தான் காலை ஷிஃப்ட் சரக்கு மட்டும் தேறியது.

தெர்மோகப்பிள் அறுந்தால் மட்டும் கவலை இல்லை. எண்ணை மேலே தூக்கிக் காட்டும்படி செட் செய்திருப்போம், ஹீட்டர் தானே அணைந்துவிடும்.

ட்ரெய்னி

சார், அப்போது பொய் சொல்கிற கருவியை எப்படித்தான் பிடிப்பது?

வளைகுடா ரிஃபைனரி

வேறு தத்துவத்தில் ஓடுகிற இன்னொரு கருவியைக் கேள், தம்பி. டிஸ்பிளேசருக்குத் துணையாக இன்னொரு டிஸ்பிளேசர் போட்டால் இரண்டும் சேர்ந்து பொய் சொல்லும். டிஃபரென்ஷியல் பிரஷரோ ரேடாரோ போடு. அதைவிட மலிவான வழி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது. டெக்ஸஸ் சிட்டியில் உள்ளே போவதை அளக்கும் ஃபீட் ஃப்ளோ மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உலைக்களம்

என்னிடம் ஒரு கையடக்க மீட்டரும் தனி தெர்மோகப்பிளும் எப்போதும் பையில் இருக்கும். உலைக்குள் விட்டு இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார். மத்தியானம் பார்.

லூப்காரர்

லேப் அம்மாவா, ஐயாவா தெரியவில்லை, ஒரு கேள்வி. அந்த எட்டரை சென்டிமீட்டர் சிகரம் ரோலரை மாற்றியதும் போய்விட்டதா?

நூற்பாலை லேப்

அம்மாதான். போய்விட்டது சார். அது போனதும் பக்கத்தில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் குட்டியாக ஒன்று தெரிந்தது, ஒரு ஜோடி ஸ்பிண்டிலில் மட்டும். காட்ஸை பஃபிங்குக்கு (தேய்த்துச் சமப்படுத்த) அனுப்பினோம்.