அம்மாவின் ஜன்னலுக்குப் பிச்சி எங்கே வைப்பது?

செண்பகராமன்புதூர் வீடு:

வணக்கம். தோவாளைக்குப் பக்கம் செண்பகராமன்புதூரில் போன வருடம்தான் வீடு கட்டிக் குடி வந்தோம், ஆறு சென்ட் இடம், கிழக்குப் பார்த்த வாசல். ஒரு பிச்சி (ஜாதிமல்லி) வைக்க வேண்டும், அம்மாவுக்காக. முட்டி வலி வந்த பிறகு அவர்களால் முற்றத்துக்குக்கூட இறங்க முடிவதில்லை. கட்டிலில் கிடந்தபடியே ராத்திரி வாசம் வந்தால் போதும் என்கிறார்கள்.

மூன்று இடம் இருக்கிறது. மேற்கு மதிலோரம் நிறைய மண், ஆனால் கணவாய்க் காற்று நேராக அங்கேதான் அடிக்கிறது, போன மாதம் இரண்டு வாழை சாய்ந்துவிட்டது. வடக்கே கிணற்றடி, துவைக்கிற கல்லுக்குப் பக்கம், தண்ணீருக்குக் கஷ்டமில்லை, மேலே தென்னை நிழல். மூன்றாவது தென்கிழக்கு மூலை. அம்மாவின் அறை அங்கேதான், கிழக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல், ஆனால் சுவரை ஒட்டி ஒன்றரை அடி மண் விட்டுவிட்டு மிச்சத்துக்கு சிமென்ட் போட்டாயிற்று. செடி வாங்கப் போன இடத்தில் கிணற்றடிதான் நல்லது என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ ஜன்னலோரம் பிச்சி வைத்தால் பாம்பு வரும் என்று பயமுறுத்துகிறார். இந்த ஆடியிலேயே வைத்துவிட ஆசை, சொல்லுங்கள்.

தோவாளைப் பூந்தோட்டம்:

கிணற்றடி வேண்டாம் தங்கச்சி. பிச்சி வெயில் குடிக்கிற செடி, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படணும். தென்னை நிழலில் கொடி மட்டும் நீளும், இலை செழிக்கும், மொட்டைத் தேட வேண்டியிருக்கும். துவைக்கிற தண்ணீர் இன்னொரு கெடுதல். சோப்புத் தண்ணீர் நாள்பட விழுந்தால் மண்ணில் காரம் ஏறி வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும், இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளாகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் தேறும், ஆனால் அந்தத் தண்ணீரைத் திருப்பிவிடாமல் எத்தனை தடவை தெளிப்பீர்கள்?

தென்கிழக்கு மூலைதான் சரி, ஆனால் சிமென்டைக் கொஞ்சம் உடைக்க வேண்டும், மனசு கேட்காதுதான். தோட்டத்தில் நாங்கள் வரிசைக்கு 2 மீட்டர், செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் விடுகிறோம், அவ்வளவு படரும். தெற்கு ஜன்னல் என்றால் சுவரிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள். நம்ம குமரி மாவட்டத்தில் சித்திரையிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிப்பொழுதில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், ஆனியில் பத்தடிச் சுவரின் நிழல் நடுப்பகலில் தெற்கே இரண்டே முக்கால் அடி விழும். பிச்சி பூக்கிற காலமும் அதுதானே. சுவரை ஒட்டி வைத்தால் பூக்கிற நேரத்தில் நிழலில் நிற்கும். குழி ஒன்றரை அடி, அதற்கு மக்கிய சாணம் 10 கிலோ. மார்கழி கடைசியில் அல்லது தையில் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, தயங்காதீர்கள், புதுக் கொழுந்தில்தான் மொட்டு வரும்.

மணக்குடிக் கடற்கரை:

வெயிலைப் பற்றி அண்ணன் சொன்னது சரி, ஆனால் நீங்கள் கேட்டது வாசம். எங்கள் வீட்டில் கடல் பார்த்த பக்கம் வைத்து ஏமாந்தோம். உப்புக் காற்றில் இலை கருகியது ஒரு பக்கம், பகலில் கடல் காற்று வீட்டுக்குள் வந்தாலும் ராத்திரி ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பிவிடும், பிச்சி விரிவதோ ராத்திரியில், அத்தனை வாசமும் கடலுக்குப் போனது. அப்புறம் வீட்டுக்கு வடக்கே மாற்றி வைத்தோம், இப்போது படுக்கை வரை வருகிறது.

உங்கள் பக்கம் கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குக் கிழக்கே ஒரு மறைவு இருக்கும், காற்று அங்கே சுழன்று நிற்கும். காய்ந்த சருகு தானாக வந்து எந்த மூலையில் குவிகிறது என்று பாருங்கள், அங்கேதான் வாசமும் தங்கும். இன்னொன்று, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து வைத்து, செடி வைக்கப்போகிற இடத்தில் ஊதுபத்தி கொளுத்திவிட்டு அம்மாவிடம் கேளுங்கள். செடி வைத்த பிறகு மாற்றுவதைவிட ஊதுபத்தியை மாற்றுவது எளிது.

குலசேகரம் மேட்டுவிளை:

பாம்பு பூ வாசத்துக்கு வருவதில்லை. எலியும் தவளையும் எங்கே இருக்கிறதோ அங்கே வரும், அடர்ந்த தூர் அதற்கு மறைவு, அவ்வளவுதான். அடியிலிருந்து ஓரடி உயரத்துக்குப் பக்கக் கிளையை விடாமல் நறுக்கிவிடுங்கள், செடியின் மூடு, அதாவது அடிப்பகுதி, சுத்தமாக இருக்கட்டும். சருகு சேரும் மூலை என்று மேலே சொன்னார்கள், அதனாலேயே அங்கே தினமும் பெருக்க வேண்டும். அந்த அக்காவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், பெருக்காத வீட்டில் அது உண்மையாகிவிடும்.

எங்கள் பக்கம் இரண்டு மழையும் கொட்டும். குழியைப் பள்ளமாக விட்டதால் என் முதல் பிச்சி ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டி வேர் அழுகிப் போயிற்று, மூன்று வருடச் செடி. சுற்றிலும் சிமென்ட் இருந்தால் முற்றத்துத் தண்ணீர் முழுக்கக் குழிக்குள் இறங்கும். மூடு அரையடி மேடாக இருக்கட்டும். கிணற்றடி நிழலுக்கு வேண்டுமானால் பவழமல்லி வையுங்கள், ஓரளவு நிழல் தாங்கும், விடியும்போது உதிர்ந்து கிடக்கும்.

செண்பகராமன்புதூர் வீடு:

மூன்று ராத்திரி ஊதுபத்தி வைத்துப் பார்த்தோம். தெற்கு ஜன்னலுக்கு நேரே வைத்தால் புகை சுவரோடு ஓடிப் போய்விடுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. கிழக்கு ஜன்னலுக்கு நாலடி முன்னால் வைத்தபோது கொஞ்சம் சுற்றிவிட்டு உள்ளே வந்தது, அம்மா "இது எந்தக் கம்பெனி பத்தி" என்று கேட்டார்கள். சருகும் அங்கேதான் கிடக்கிறது, இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. வெயிலையும் பார்த்தேன், காலை ஆறரைக்கு விழுந்தால் பன்னிரண்டரை வரை நிற்கிறது. சிமென்ட் உடைக்க ஆள் சொல்லியாயிற்று. இப்போதே வைக்கலாமா அண்ணே?

தோவாளைப் பூந்தோட்டம்:

குழியை இப்போதே எடுத்துப் போட்டு ஆறவிடுங்கள், செடியைப் புரட்டாசியில் வையுங்கள். காற்று அடங்கியிருக்கும், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். வேர் விட்ட பதியன் ஒன்று வாங்கி, பையோடு அந்த ஜன்னலுக்குக் கீழேயே அதுவரை வைத்திருங்கள், வெயில் பழகட்டும்.